சூடம் கொளுத்தாத வீடு

செம்பியின் காலில் ஏறிய ஆணியை நாராயணபெருமாள் கையோடு கொண்டுவந்திருந்தான். துருப்பிடித்து வளைந்த ஆணி. அதை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

“இதாக்கும் சாரே. பின்னங்கால் குளம்புக்க நடுவில நிண்ணுது. பிடுங்கும்போ ஒரு சத்தம் போடல்ல. தலையை எனக்க தோளில வச்சுக்கிட்டு நிண்ணா.”

செம்பி அவனுடைய பெண்குதிரை. நாகர்கோவிலுக்கும் இராஜாக்கமங்கலத்துக்கும் இடையே அவன் வண்டி ஓட்டினான். பஸ் வந்த பிறகும் மீன்கூடைக்காரிகளும், ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிகளும் அவனுக்கு மிச்சம் இருந்தார்கள்.

யேசுரத்தினம் சார் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓமியோபதியைப் புத்தகம் வாங்கித் தாமே படித்தவர். மனிதருக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் ஒரே பெட்டியிலிருந்து மருந்து கொடுப்பார். யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். ஊரில் அதற்குச் சீனி மருந்து என்று பேர். போன ஆண்டு செம்பி வயிற்றுவலியில் புரண்டபோது சீனி மருந்தில்தான் எழுந்தாள் என்பது வண்டியில் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். நாராயணபெருமாள் சொல்லாமல் விட்டதில்லை.

செம்பி புரண்ட அன்று சாருடைய மகள் பூங்கனியும் கூட இருந்தாள். மருந்து கொடுத்த பிறகு அவன் செம்பியைத் தென்னந்தோப்பைச் சுற்றி நடத்திக்கொண்டே இருந்ததையும், அவள் பெரிதாக ஒரு காற்று விட்டுவிட்டு நிமிர்ந்ததையும் பார்த்தாள். எழுந்ததற்கு எது காரணம் என்று அப்போதே அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவள். பள்ளிக்கூட வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். சீனிக்குளிகைகளில் மருந்துச் சொட்டு விடுவது அவள் வேலை. யாராவது வந்தால் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“லீடம்” என்றார் சார். “ஆணி குத்துக்கு அதுதான். புத்தகத்தில குதிரையைச் சொல்லியே எழுதியிருக்கு.”

வாசலில் நின்ற தாணம்மாள் கணவன் நாராயணபெருமாளின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். “மாட்டாஸ்பத்திரியிலயும் ஒருக்கா காட்டிட்டா நல்லதில்லியா?”

“முத்துநாயகத்துக்க காளைக்கு அங்க ஊசி போட்டாவ. மறுநாள் காளை எங்க?”

“அது சாவக் கிடந்த காளையாக்கும். கடைசியிலதானே கொண்டு போனாவ?”

“ஏட்டி, நீ டாக்டரா? சாரு இருக்காருல்லா?”

பூங்கனி அப்பாவின் காதருகே போனாள். “அப்பா, ரணஜன்னிக்கு, டெட்டனஸுக்கு, சீரம் ஊசி இருக்கு. குத்தின உடனே போட்டா வராது.”

“லீடம் குடுத்தாலும் வராது மக்கா.” அவர் பக்கத்தைத் திறந்து காட்டினார். அதில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அவள் மேசைக்குத் திரும்பினாள்.

லீடம் குப்பியில் அடியில் ஈரம் மட்டும் இருந்தது. கல்கத்தாவிலிருந்து பார்சல் வந்து சேரவில்லை. சார் குப்பியில் ஸ்பிரிட்டை ஊற்றி மூடினார். பிறகு தோல் அட்டை போட்ட பாட்டுப் புத்தகத்தை எடுத்து, அதன்மேல் குப்பியின் அடியை ஓங்கி ஓங்கித் தட்டினார். தோலின்மேல் தட்டவேண்டும் என்பது முறை. வீட்டில் தோல் அட்டை போட்டது இரண்டுதான். வேதப்புத்தகத்தின்மேல் தட்ட அவருக்கு மனம் வராது. போன மாதமும் இதே குப்பியில் இப்படித்தான் ஊற்றித் தட்டினார். அதற்கு முன்பும் தட்டியிருக்கிறார். பூங்கனி குளிகைகளில் சொட்டு விட்டாள். சாராய வாடை மட்டும் வந்தது.

“இனி பத்தியம் கேட்டுக்கிடுங்கோ” என்றார் சார். “குதிரை நிக்க இடத்தில பெருங்காய வாடை ஆகாது. காப்பிக்கொட்டை வறுக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, சூடம். சூடத்துக்க புகை பட்டா மருந்து முறிஞ்சு போவும்.”

தாணம்மாள் நிமிர்ந்தாள். “வெள்ளிக்கிழமை மாடனுக்குச் சூடம் காட்டணுமே சாரே?”

“வேண்டாம். கொஞ்ச நாளைக்கு.”

“மாடனுக்கிட்ட யாரு சொல்லுவா? நீங்க வந்து சொல்லுதியளா?”

சார் சிரித்துவிட்டார். “இது மதக் காரியம் இல்ல தாணம்மா. என் வீட்டில வேதக்காரி ஒருத்தி தைலம் தேச்சுக்கிட்டு வந்தாலும் நான் இதைத்தான் சொல்லுவேன். தைலத்திலயும் சூடம் உண்டு.”

“சரி. மாடனுக்குப் பூவும் தண்ணியும் போதும். குதிரை நடந்தா மதி.”

அவள் சொன்னபடி இருந்தாள். சூடக்கட்டிகளைத் தகர டப்பாவில் போட்டு, அதைத் துணியில் சுற்றி அரிசிப்பானைக்கு அடியில் வைத்தாள். குழம்பில் காயம் போடவில்லை. சீனிக்குளிகைகளை வெல்லத்தில் பொதிந்து, உள்ளங்கையை நீட்டி, செம்பி நக்கி முடிக்கும்வரை நிற்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. குதிரைக்குக் கொள்ளு வேகவைப்பதும், வாலைச் சிக்கெடுப்பதும் அவள்தான்.

புண் நன்றாக ஆறியது. வாய் மூடி, வறண்டு, ஆணி ஏறிய இடமே தெரியவில்லை. நாராயணபெருமாள் வண்டி பூட்டினான். “சீழ் கூட வைக்கல்ல கேட்டியளா” என்று வழியெல்லாம் சொன்னான். பூங்கனிக்கு அந்தச் சீழ் வைக்காத புண்தான் பயமாக இருந்தது. மேலே மூடிக்கொண்ட புண்ணின் அடியில், காற்றுப் படாத இடத்தில் அந்தக் கிருமி வளரும் என்று படித்திருந்தாள். அப்பாவிடம் சொன்னாள். அவர் வருத்தத்தோடு அவளைப் பார்த்தார்.

“நல்லதைப் பாக்கும்போ சந்தோசப்படவும் படிக்கணும் மக்கா.”

ஒரு காலையில் தாணம்மாள் ஓடிவந்தாள். சார் சபைக் கூட்டத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். நாராயணபெருமாள் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடக் கொல்லப்பட்டறைக்குப் போயிருந்தான்.

“பிள்ளே, செம்பி புல்லைக் கடிச்சுக்கிட்டே நிக்கா. சவைக்கமாட்டேங்கா. எறக்கவும் மாட்டேங்கா. வந்து பாரேன்.”

பூங்கனி செருப்பில்லாமல் போனாள். செம்பி நான்கு கால்களையும் அகற்றி, மரத்தில் செய்து வைத்ததுபோல நின்றாள். காதுகள் விறைத்து நின்றன. வால் தூக்கியிருந்தது. வாயோரம் பச்சைப்புல் தொங்கியது. பூங்கனி அவள் தாடையின்கீழ் விரலால் மெல்லத் தட்டினாள். கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் தோல் ஏறிப் பாதிக் கண்ணை மூடிவிட்டு மெதுவாக இறங்கியது. பாடப்புத்தகப் படத்தில் பார்த்தது. நேரில் அப்போதுதான் பார்த்தாள்.

“என்னது பிள்ளே?”

“ரணஜன்னி அக்கா.”

“மாறுமா?”

பூங்கனி தொழுவத்தின் திறப்பைப் பார்த்தாள். “சத்தம் போடாண்டாம். வெளிச்சம் படப்படாது. சாக்கு இருந்தா கட்டித் தொங்கவிடுங்கோ. அண்ணன் வந்த உடனே டாக்டரைக் கூட்டிட்டு வரணும்.”

இருவரும் தொழுவத்தின் திறப்பில் சாக்குகளைக் கட்டினார்கள். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. செம்பியின் உடம்பு முழுக்க ஒரு விறைப்பு ஓடி, கால்கள் தரையை உதைத்து நின்றன. தாணம்மாள் சேலையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் அரிசிப்பானையை நகர்த்தினாள்.

தொழுவத்தின் மூலையில் மாடனுக்கு ஒரு கல் உண்டு. அவள் அதன்முன் குந்தி, தகர டப்பாவிலிருந்து ஒரு கட்டி எடுத்து, கொளுத்தினாள். சூடம் இரண்டு முறை அணைந்தது. பூங்கனி பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை. சூடத்தில் என்ன இருக்கிறது? வாய் பூட்டியாகிவிட்டது.

நாராயணபெருமாள் வெயில் ஏறிய பிறகு வந்தான். சாக்கை விலக்கியபோது அவனுக்கு முதலில் எட்டியது சூட வாடை. பிறகுதான் குதிரையைப் பார்த்தான்.

“ஏட்டி, என்ன செய்த?”

“வாய் பூட்டிப் போச்சு. அதனாலயாக்கும்…”

“சூடம் கொளுத்தினியா?”

பூங்கனி ஓரத்திலிருந்து சொன்னாள். “அண்ணே, மாட்டாஸ்பத்திரிக்கு இப்பமே போங்கோ.”

அவன் அவளைப் பார்க்கவேயில்லை. “இனி ஊசியும் குத்திக் கொல்லணுமா?” என்று சொல்லிவிட்டு, நாகர்கோவிலுக்கு, சாரைக் கூப்பிடப் போனான்.

சார் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். பெட்டியைத் திறந்து குளிகை எடுத்தார். செம்பியின் வாய் திறக்கவில்லை. உதட்டைத் தூக்கி, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே குளிகைகளைத் தள்ளினார். அவை எச்சிலோடு திரும்ப வழிந்தன. மறுபடியும் தள்ளினார். அவருடைய கண்களும் நிறைந்திருந்தன. யாரும் அவரை மோசக்காரர் என்று சொல்ல முடியாது. பூங்கனி அதையும் பார்த்தாள்.

மறுநாள் செம்பி விழுந்தாள். விழுந்த பிறகு எழ முடியவில்லை. காகம் கத்தினாலும் உடம்பு வில்லாக வளைந்தது. வியர்வையில் அடியில் கிடந்த வைக்கோல் நனைந்தது. மூக்குத் துளைகள் அகன்று சிவப்பாகத் தெரிந்தன. மூச்சு இழுத்து இழுத்து, மதியம் கழிந்து, ஒருமுறை இழுத்தது வெளியே வரவில்லை. தாணம்மாள் அவள் கண்ணை மூடப் பார்த்தாள். மூடவில்லை. அந்த வெள்ளைத் தோல் மட்டும் பாதியில் நின்றது.

புளியமரத்தின் கீழ் ஆட்கள் கூடினார்கள். சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கேட்டது மிகவும் மெதுவாகத்தான்.

“சூடம் யாரு கொளுத்தினா?”

“நான்தான் சாரே” என்றாள் தாணம்மாள்.

அவர் அவளைத் திட்டவில்லை. “சொன்னேனே தாணம்மா” என்று மட்டும் சொன்னார். கூட்டம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.

பூங்கனி அப்பாவின் பக்கம் வந்தாள். இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதில்லை.

“அப்பா, நான் கூட நிண்ணேன். வாய் பூட்டின பெறவுதான் அக்கா சூடம் கொளுத்தினா. முன்ன இல்ல.”

சார் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். “வாய் பூட்டினா என்ன மக்கா? உள்ள மருந்து பிடிச்சு நிண்ணிருக்கும். போராடுத நேரம் அது. அப்பம் பாத்துச் சூடம் பட்டா?”

“மருந்தா?” என்றாள் அவள். “அந்தக் குப்பியில மருந்தே இல்ல. வெறும் ஸ்பிரிட்டாக்கும். நான்தானே சொட்டு விட்டேன்? தீர்ந்த குப்பியில நீங்க ஸ்பிரிட் ஊத்தித் தட்டினிய. முந்தின மாசமும் தட்டினிய. முறியுததுக்கு அதில ஒண்ணும் இல்ல அப்பா.”

 நாராயணபெருமாள் சாரைப் பார்த்தான். சொல்லிவிட்டோம் என்று பூங்கனி நினைத்தாள். அப்பாவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொல்லியாகிவிட்டது.

சார் கோபப்படவில்லை. வகுப்பில் பிள்ளை தவறாகப் படித்ததைத் திருத்துகிற குரலில் சொன்னார்.

“அவ சொல்லுதது சரி. ஸ்பிரிட் ஊத்தித் தட்டினேன். ஒவ்வொரு தடவை தட்டும்போதும் வீரியம் ஏறும். அதாக்கும் இந்த வைத்தியத்துக்க அடிப்படை. செம்பிக்குக் கொடுத்தது சாதாரண லீடம் இல்ல. என் கையில இருந்ததிலேயே வீரியம் கூடினது.” சற்று நிறுத்தினார். “வீரியம் கூடக் கூட, சூடம் அதுக்கு விஷம்.”

“அப்பம் நல்ல மருந்தைத்தான் இவ கெடுத்திருக்கா” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

நாராயணபெருமாள் மனைவியை அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் போட்ட சோற்றைத் தின்னவில்லை. செம்பியைத் தோப்பின் ஓரத்தில் புதைத்த மண் காய்வதற்கு முன் பேச்சிப்பாறைக்கு ஆள் அனுப்பினான். அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த தாணம்மாளின் அண்ணன் சுயம்பு வந்தான்.

“மச்சினா, கொஞ்ச நாள் அவ அங்க நிக்கட்டு” என்றான் நாராயணபெருமாள். “எனக்கு இவ முகத்தைப் பாத்தா செம்பிக்க கண்ணுதான் தெரியுது.”

“குதிரை செத்ததுக்குப் பொஞ்சாதியைத் தள்ளுவாவளா ஓய்?”

“தள்ளல்ல. நிக்கட்டுன்னுதான் சொல்லுதேன்.”

தாணம்மாள் ஒரு துணிமூட்டையோடு இறங்கினாள். வழியில் பூங்கனி வீட்டு வாசலில் நின்றாள்.

“நீ எனக்காகப் பேசின பிள்ளே. மறக்கமாட்டேன்.”

“நான் பேசினதுனால கூடிப் போச்சு அக்கா.”

“அவிய மனசு ஆறும். அவியளுக்கு என்ன தெரியும்? சாரு சொன்னதை நம்பிட்டாவ. நெசம் தெரிஞ்சா கூப்பிடுவாவ.”

அவள் போன பிறகு கடைத்தெருவில் அவளுக்குச் சூடக்காரி என்று பேர் விழுந்தது. வண்டியின் ஏர்க்கால்கள் முற்றத்து மண்ணில் மூக்கைக் குத்திக் கிடந்தன.

சார் வீட்டில் பேச்சு குறைந்தது. பூங்கனி சொட்டு விடுவதை நிறுத்தினாள். அவரே விட்டுக்கொண்டார். கை நடுக்கத்தில் அதிகம் விழும். அதிகம் விழுந்தால் தோஷமில்லை என்பார். சரிதான் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஆடி கழிந்து நாராயணபெருமாள் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு கறுப்புக் குதிரையைக் கொண்டுவந்தான். சின்ன வயது. பஸ்ஸைக் கண்டு மிரண்டது. அது வந்து கொஞ்ச நாளில் லாடம் கட்டும்போது ஆணி குளம்பின் உயிர்ச்சதையில் ஏறிவிட்டது. ஆணியை உருவியதும் ரத்தம் வந்தது. அவன் நொண்டுகிற குதிரையை இழுத்துக்கொண்டு நேரே சார் வீட்டுக்கு வந்தான்.

“வீட்டில இப்பம் சூடம் இல்ல சாரே. மாடனுக்கு விளக்கு மட்டுந்தான்.”

“நல்லது. இந்தத் தடவை ஒண்ணும் வராது” என்றார் சார். பார்சல் வந்திருந்தது. புது லீடம் கொடுத்தார்.

பூங்கனி பின்வாசல் வழியாக இறங்கி, வேலியோரம் அவனை மறித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“அண்ணே, சீனி மருந்தும் குடுங்கோ. வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா ஊசியும் போடணும். இன்னைக்கே.”

“ஊசியா?”

“சீரம். குதிரைக்க ரத்தத்திலிருந்து எடுக்குத மருந்தாக்கும் அது. ரணஜன்னி விஷத்தைக் கொஞ்சங் கொஞ்சமா ஒரு குதிரைக்கு ஏத்தி, அது தாங்கிக்கிட்ட பெறவு அதுக்க ரத்தத்தை எடுத்துச் செய்வாவ.”

“குதிரைக்க ரத்தத்தையா குதிரைக்கு ஏத்துதது?” அவன் முகம் கோணியது. ஆனால் கறுப்புக் குதிரையின் காலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். “வலிக்குமா அதுக்கு?”

“செம்பிக்கு வலிச்ச அளவு இல்ல.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சாருக்குத் தெரியாண்டாம்” என்றான். அவள் சரி என்றாள்.

அவன் குதிரையை நடத்திக்கொண்டு முன்னே போனான். அவள் ஊரார் பார்க்க ஒன்றுமில்லாததுபோலக் குடையை விரித்துக்கொண்டு நன்றாகப் பின்னால் நடந்தாள். நாகர்கோவில் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் குளம்பைச் செதுக்கித் திறந்து, கழுவி, கழுத்தில் ஊசி போட்டார். “இது வேண்டும் என்று யார் சொன்னது?” என்று கேட்டார். நாராயணபெருமாள் பூங்கனியைக் காட்டினான். அவள் குடையை மடக்கி விரித்தாள்.

குதிரை பிழைத்தது. நொண்டல் போய், பஸ் பயம் தெளிந்து, இராஜாக்கமங்கலம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடியது.

ஊர் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. அதே வைத்தியர், அதே மருந்து, அதே ஆணிக்குத்து. சூடம் கொளுத்தியபோது ஒரு குதிரை செத்தது. சூடம் கொளுத்தாதபோது ஒரு குதிரை பிழைத்தது. இதற்குமேல் என்ன வேண்டும்? தாணம்மாள் பாவம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த ஓரிருவரும் பேச்சை நிறுத்தினார்கள். சாரும் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். “நான் அண்ணைக்குக் கேட்டது தப்போன்னு எனக்கே மனசில ஒரு குறை இருந்தது மக்கா. இப்பம் அது இல்ல.”

பூங்கனி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஊசியைப் பற்றி அவள் சொல்லியிருக்கலாம். நாராயணபெருமாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். சொல்லவேண்டியவன் அவன். சாப்பாட்டை முடித்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனாள்.

அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, அக்காவைக் கூட்டிட்டு வாருங்கோ.”

“சாருக்க மருந்து வேலை செய்யுதுன்னு இப்பம் தெரிஞ்சு போச்சுல்லா பிள்ளே. பெறவு எப்படி?”

“ஊசி போட்டோம்லா?”

அவன் வாளியைக் கீழே வைத்தான். சுற்றும் பார்த்தான்.

“ஊசி மேலுக்கு. உள்ள பாத்தது மருந்து.”

“அப்படித்தான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“உனக்கு நிச்சயமாத் தெரியுமா? ஊசியினாலதான் பிழைச்சுதுன்னு சத்தியம் பண்ணுவியா?”

அவளால் முடியவில்லை. ஆணி குத்திய குதிரைக்கெல்லாம் ரணஜன்னி வருவதில்லை. ஊசியும் இல்லாமல், சீனி மருந்தும் இல்லாமல் இது பிழைத்திருக்கலாம். ஒரு குதிரையை வைத்து ஊராலும் நிரூபிக்க முடியாது, அவளாலும் முடியாது. படித்ததில் அவள் நிச்சயமாகக் கற்றுக்கொண்டது அதுதான்.

“சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா சூடம் இல்ல அண்ணே. குதிரை சவைக்காம நிண்ணதை நான் எனக்க கண்ணால பாத்தேன். சூடம் பெறவு.”

அவன் குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

“நீ சொல்லுதது எனக்கு விளங்காம இல்ல. அவளும் அண்ணைக்கே சொன்னா, மாட்டாஸ்பத்திரிக்குப் போவோம்னு. நான்தான் வேண்டாம்னேன். ஊசியினால இது பிழைச்சுதுன்னு வச்சா, அப்பம் செம்பியைக் கொன்னது யாரு? நானா?”

அவன் வாளியை எடுத்தான்.

“போ பிள்ளே. சாரு தேடுவாரு.”

தாணம்மாள் கார்த்திகை மழையில் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. புதுக் குதிரை ஓடுகிறது, வண்டி நடக்கிறது என்று யாரோ பேச்சிப்பாறையில் சொல்லியிருக்கிறார்கள். மெலிந்திருந்தாள். கால்களில் அட்டை கடித்த தழும்புகள். கையில் ஒரு சின்ன மூட்டை. தன் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேரே பூங்கனியிடம் வந்தாள். சார் உள்ளே ஒரு நாய்க்குச் சொறிமருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் பின்புறம் கிணற்றடியில் நின்றார்கள்.

“திட்டல்ல. காப்பி குடிச்சியாண்ணு கேட்டாவ. மழை விட்ட உடனே பஸ் உண்டுண்ணாவ.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “கறுப்பு நல்ல குதிரை. எனக்க கையை மோந்து பாத்துது.”

“அக்கா…”

“அதுக்கும் ஆணி ஏறிச்சுதாமே? சீனி மருந்திலதான் மாறிச்சுண்ணு எல்லாரும் சொல்லுதாவ. கேட்டுக்கேட்டு எனக்கே அப்படித் தோணிப் போச்சு பிள்ளே. ராத்திரி கண்ணைமூடினா சூட வாடை வருது. உள்ளதைச் சொல்லு. நானா கொன்னேன்?”

“இல்ல. செம்பி செத்ததுக்கும் சூடத்துக்கும் ஒண்ணுமில்ல. அது மட்டும் எனக்கு நிச்சயம்.”

“அப்பம் கறுப்பு எப்படிப் பிழைச்சுது?”

“ஊசி போட்டோம். நானும் கூடப் போனேன். அதனாலயும் இருக்கலாம்.”

தாணம்மாள் மூட்டையைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தாள். முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. “இதை அவியளுக்கிட்ட சொல்லலியா நீ? அவியளுக்குத் தெரிஞ்சா…”

பூங்கனி பொய் சொல்ல நினைத்தாள். ஒரு கணம்தான். இல்லை, இனிமேல் சொல்லுகிறேன் என்று சொன்னால் இவள் இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்பாள்.

“அவியளுக்குத் தெரியும் அக்கா. ஊசி போடக் கொண்டு போனதே அவியதான். நான் எல்லாம் சொன்னேன். விளங்குதுண்ணு சொன்னாவ.”

“விளங்குதுண்ணா?”

“ஆமா.”

மழை ஓலைக்கூரையில் விழுந்துகொண்டிருந்தது. தாணம்மாள் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் வந்ததுபோலவே போய்விட்டது.

“தெரியாம இருக்காவண்ணுதான் நான் இத்தனை நாளும் இருந்தேன்” என்றாள்.

பிறகு வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு முகம் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். மூட்டையை எடுத்துப் பூங்கனியின் கையில் வைத்தாள்.

“கொள்ளு. அங்க நாங்களே வெதச்சது. குதிரைக்குக் குடுத்திரு. நான் தந்ததுண்ணு சொல்லாண்டாம்.”

“இருங்கோ அக்கா, மழை விடட்டு.”

“பஸ் போயிரும்.”

அவள் மழையிலேயே இறங்கினாள். உள்ளே அப்பா பாட்டுப் புத்தகத்தின்மேல் குப்பியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நாய்க்காரர் ஏதோ கேட்டார்.

“சூடம் ஆகாது” என்றார் சார். “அந்த ஒண்ணுல மட்டும் கவனமா இருக்கணும். இங்கயே ஒரு வீட்டில நடந்திருக்கு.”